பச்சை பூசிய பள்ளம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 மார்ச் 1935

அன்புத் தங்கை மாரியாயிக்கு அண்ணன் நாகையா எழுதுவது. கடைவாய்ப் பல் ஒன்று படுத்தும் பாட்டைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கும் மாப்பிள்ளை பக்கிரிசாமிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இதை உனக்கு வாசித்துக் காட்டப்போகிற, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

ஒரு நல்ல சேதி. உங்கள் தோட்டத்துத் துரைசாணி போன வாரம் எங்கள் போட்டோக் கடைக்குப் படம் பிடித்துக்கொள்ள வந்தார். படம் பிடிப்பது கடை முதலாளி தவ்கே ஆ சூன். ஆட்கள் நிற்பதற்குப் பின்னால் தொங்குமே படுதா, அதை எழுதுவது நான். பளிங்குப் படிக்கட்டு ஒன்று, கடற்கரை ஒன்று, சீமைக் குடிசை ஒன்று என்று கடையில் மூன்று படுதா இருக்கின்றன. சீமைக் குடிசையை ஒரு வெள்ளைக்காரக் காலண்டரைப் பார்த்து எழுதினேன். தடித்த வைக்கோல் கூரை, ஜன்னல் ஓரம் ரோஜாக் கொடி, வாசலில் இரண்டு வாத்து. எழுதி முடித்து இரண்டு வருஷமாகிறது, நம் ஆட்களில் ஒருத்தர் அதன் முன்னால் நின்றதில்லை. ரயில்வே பட்டறைப் பழனியப்பன் என்மேல் சண்டைக்கே வந்துவிட்டார். "ஊருக்கு அனுப்புற படத்துல குடிசையா? குடிசையில நிக்கிறதுக்கா நான் கப்பலேறி வந்தேன்? அந்தப் படிக்கட்டைத் தொங்கவிடுய்யா!" என்றார்.

துரைசாணி மட்டும் குடிசைக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. கண் கலங்கிவிட்டது. தெரிந்த தமிழில், "இது யார் எழுதுனது? எங்க தோட்டத்துல இப்படி வீடு நிறைய இருக்கு. நீ வந்து எழுது" என்றார். எந்த வீட்டைச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது, நீங்கள் வரிசையாகக் குடியிருக்கிற கூலி லயத்தைச் சொல்கிறார். அத்தாப்பு ஓலைக் கூரை அவர் கண்ணுக்குச் சீமை வைக்கோலாகத் தெரிந்திருக்கிறது!

எப்படியானால் என்ன, ஏப்ரலில் வருகிறேன். ஆ சூனிடம் விடுப்புச் சொல்லியாகிவிட்டது. இதுவரை துணியில் எழுதித் தொங்கவிட்டவன், முதல் தடவையாகச் சட்டம் போட்டு மாட்டுகிற படம் எழுதப்போகிறேன். என்ன வேண்டும் என்று எழுது, வாங்கி வருகிறேன்.

உன் நலமே வேண்டும்
அண்ணன் நாகையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம், டெங்கில்
17 மார்ச் 1935

மகா-௱-௱-ஸ்ரீ அண்ணா நாகையா அவர்கள் சமூகத்துக்குத் தங்கை மாரியாயி வணக்கத்துடன் எழுதுவித்தது. கம்பெனியாரின் கிருபையாலும் துரையவர்களின் பரிபாலனத்தாலும் இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் பல் குணமானதைப் பற்றிப் பதில் வரப் பிரார்த்திக்கிறேன்.

தாங்கள் வருவது அறிந்து அளவற்ற சந்தோஷம். தங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய முக்கிய விஷயம் ஒன்று உண்டு. தற்சமயம் நாங்கள் குடியிருக்கும் லயம் தாழ்வான இடத்தில் இருப்பதால், சென்ற வருஷம் வந்த டாக்டர் துரை எழுதிய குறிப்பின்பேரில், மேட்டில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகப் புது லயம் கட்ட ஏற்பாடாகியிருக்கிறது. ஆவணிக்குள் குடிபோகலாம் என்று நம் துரையவர்கள் சொல்லியிருக்கிறார். ஆவணிக்குள் போயாக வேண்டும் என்று தங்கள் தங்கை இரண்டு தடவை சொன்னபடியால், இரண்டாம் தடவையும் எழுதப்படுகிறது. ஆவணிக்குள்.

சென்ற வருஷம் நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்கிறாள். ஆகவே எழுதவில்லை. தங்களிடமிருந்து எதுவும் வேண்டாமாம், தாங்கள் வந்தால் போதுமாம்.

இங்ஙனம்
தங்கை மாரியாயி (கைநாட்டு)

இதை எழுதிய கிராணி வல்லிபுரத்தின் விண்ணப்பம்: சித்திரக்காரர் அவர்கள் இங்கு வரும்போது, அவகாசம் இருந்தால், அடியேனையும் கோட்டுப் போட்ட நிலையில் ஒரு படம் எழுதித் தரலாகும்.

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
28 ஏப்ரல் 1935

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஸ்டேஷன் வருவதற்குள் தீர்ந்துபோனது. உன் இருமல் நின்றதா? மாப்பிள்ளையின் கால் புண் ஆறிவிட்டதா?

உன்னோடு கொஞ்ச நேரம்கூட உட்கார்ந்து பேச முடியவில்லை என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கிராணி ஐயா தன் வீட்டில்தான் படுக்க வேண்டும் என்று பிடித்துவைத்துக்கொண்டார், அவரைக் கோட்டோடு எழுதுவதற்குள் என் பாதி உயிர் போனது. பகலெல்லாம் துரைசாணி குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் நீ அழுதாய். அஞ்சலை ஞாபகம் வந்திருக்கும் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. போன மழையில்தானே அந்தப் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தோம். மேலே பேசினால் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டிருப்போம் என்று பயந்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது, மாரியாயி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். சீமைக் குடிசைப் படம் ஒன்றைக் கொடுத்து, "இந்த மாதிரி, இந்த மாதிரி" என்றார் துரைசாணி. அதனால் கூரையின் கிழிசலை அடைத்து எழுதினேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டேன். உன் வாசலில் ஒரு செம்பருத்திச் செடியும் வைத்திருக்கிறேன், பூவோடு.

படுதா எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுவில் எதுவும் எழுதக் கூடாது. ஆட்கள் வந்து நிற்கப்போகிற இடம் அது. அங்கே பள்ளத்தை எழுதினால் நிற்கிறவர் முழங்கால்வரை புதைந்தவர்போல் படத்தில் விழுவார். பசும்புல்லை இழுத்துவிட்டு மேலே போக வேண்டும். லயத்துக்கு முன்னால் தண்ணீர் கட்டிக்கிடக்கிறதே பள்ளம், அதன்மேல் என் கை தானாகவே பச்சையைப் பூசிவிட்டது. முடித்த பிறகுதான் கவனித்தேன். அழகாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துரைசாணிக்குத் தலைகால் புரியவில்லை.

நீ படத்தைப் பார்த்தாயா? பார்த்துவிட்டு எழுது. உன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும்.

ஆசிகளுடன்
நாகையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
2 ஜூன் 1935

அண்ணா அவர்கள் சமூகத்துக்குத் தங்கை வணங்கி எழுதுவித்தது. இவ்விடம் க்ஷேமம். இருமல் தணிந்தது. தங்கள் க்ஷேமம் கோருகிறேன்.

தாங்கள் எழுதிய படத்தைப் பங்களா வராந்தாவில் வைத்து லயத்து ஜனங்கள் யாவரும் பார்க்க துரைசாணி அம்மாள் உத்தரவு செய்தார். மிகவும் அழகு. எங்கள் வீடு எது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது. கோலாலம்பூர் ஆபீஸ் பெரிய துரை தோட்டம் பார்க்க வந்த சமயம் படத்தைக் கண்டு மெச்சி, துரைசாணி அம்மாளிடம் கேட்டு வாங்கித் தன் ஆபீசில் மாட்டுவதற்கு எடுத்துப்போயிருக்கிறார். இது தங்கள் குடும்பத்துக்கே கௌரவம்.

ஐப்பசியில் தங்கள் குடும்பத்தில் ஒரு நபர் கூடுவார் என்பதையும் சந்தோஷத்துடன் தெரிவிக்கலாகிறது.

புது லயம் சம்பந்தமாகத் தற்சமயம் பேச்சு இல்லை. அது கம்பெனியாரின் சௌகரியப்படி நடக்கும்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை மாரியாயி (கைநாட்டு)

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
9 ஜூன் 1935

என் தங்கமே, ஐப்பசிச் சேதியை வாசித்துவிட்டு வேலை செய்த கை வேலையில் நிற்கவில்லை. கடற்கரைப் படுதாவுக்குத் தொட்ட நீலத்தைப் படிக்கட்டில் பூசிவிட்டு ஆ சூனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படியானால் ஏப்ரலிலேயே உனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அண்ணனிடம் சொல்ல வெட்கமா?

வயிறு எப்படி இருக்கிறது? வாந்தி உண்டா? இந்த நிலைமையிலும் விடிகாலையில் பேர் கூப்பிடுவதற்குள் எழுந்து ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறாயா? இதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

படம் கோலாலம்பூர் ஆபீசிலேயே தொங்குகிறது என்பதை பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். எனக்குத்தான் ஒரு சின்ன வருத்தம். "மிகவும் அழகு" என்று கிராணி எழுதினார். நீ என்ன சொன்னாய்? நன்றாக இல்லையென்றால் இல்லையென்று சொல்லேன், நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

புது லயம் ஏன் நின்றது? ஆவணிக்குள் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னாயே. உடனே எழுது.

நாகையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
18 ஆகஸ்ட் 1935

அண்ணே, நான் மாரியாயி. உயிரோடு இருக்கிறேன், பிள்ளையும் வயிற்றில் உதைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறது. உன் பல் என்ன ஆனது? பிடுங்கித் தொலைத்தாயா இல்லையா?

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொண்டிருப்பாய். எழுத ஆள் இல்லை. கிராணி ஐயா இல்லையா என்று கேட்பாய். அவர் இருந்ததுதான் கஷ்டம். நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் இரண்டை எழுதுவார், அதுவும் துரை காதில் விழுந்தால் தப்பில்லாத இரண்டாகப் பார்த்து எழுதுவார். நல்ல மனுஷர்தான், வேலைக்குப் பயந்தவர். இதை எழுதுவது இராஜம்மா. கிள்ளானில் பள்ளிக்கூடம் போனவள். எங்கள் தோட்டத்து லோரி ஓட்டும் ராதாகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு போன மாதம் பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் சொல்லுவதை அப்படியே எழுதுகிறாள். கிராணி எழுதினால் நீ 'தாங்கள்', இவள் எழுதினால் நீ 'நீ'. இனிமேல் கடிதத்தை ராதாகிருஷ்ணனிடமே கொடுத்துவிடு, லோரி வாராவாரம் அங்கே வருகிறது.

படத்தைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

பெரிய துரை வந்த அன்று பங்களாவில் சமையல் செய்யும் தங்கமணி அக்கா தேத்தண்ணி கொண்டுபோயிருக்கிறாள். அவளுக்கு அவர்கள் பேச்சு கொஞ்சம் விளங்கும். நம் துரை புது லயத்துக் காகிதத்தை மேசைமேல் விரித்து, இடம் தாழ்வு, தண்ணீர் கட்டுகிறது, டாக்டர் எழுதியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். பெரிய துரை சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டி, "இதுதான அந்த வீடு? இவ்வளவு லெச்சணமான குடிசையை எதுக்கு இடிக்கணும்? தண்ணி எங்க இருக்கு, காட்டு" என்று கேட்டாராம். காட்டுவதற்குப் படத்தில் தண்ணீர் இல்லை. வெளியே வெயில் என்று அவர் லயம்வரை நடக்கவும் இல்லை. காகிதத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

அந்தத் தண்ணீரில் பிறந்த கொசுதான் அஞ்சலையைக் கொண்டுபோனது என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நீ அதன்மேல் புல் முளைக்கவைத்துவிட்டாய். வராந்தாவில் படத்தைப் பார்த்தபோது எல்லாரும் "ஐயோ எவ்வளவு அழகு" என்றார்கள். நான் என் வாசலைத் தேடினேன். செம்பருத்தி இருந்தது. நாங்கள் ஒருத்தரும் இல்லை. காலி வீடு.

நீ வந்தபோதே உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன், இந்தப் பிள்ளையை இந்த வீட்டில் பெற எனக்குப் பயமாக இருக்கிறது என்று. நீ தூரிகையும் கையுமாக இருந்தாய். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் அண்ணே.

மாரியாயி

(இதை எழுதிய இராஜம்மா: அக்கா அழுதுகொண்டே சொன்னதால் சில இடம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் எழுதிவிட்டேன்.)

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
8 செப்டம்பர் 1935

மாரியாயி, உன் உடம்பு எப்படி என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

கடிதம் வந்த மறுநாளே அந்த ஆபீசுக்குப் போனேன். படத்துக்கு மெருகெண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று சொன்னேன். பொய்யும் இல்லை. கடைக்கு எடுத்துவந்து பூசித் தருகிறேன் என்றதும் கொடுத்துவிட்டார்கள்.

எடுத்துவந்து புல்லைச் சுரண்டினேன். தண்ணீரை எழுதினேன். கலங்கல் நிறத்தில், நுரையோடு, உங்கள் வாசற்படியைத் தொடுகிற அளவுக்கு எழுதினேன். அடைத்த கூரையை மறுபடி கிழித்தேன். உன்னை வாசலில் வயிற்றுப் பிள்ளையோடு நிற்கவைத்தேன். ஆள் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் உன் முகம் எனக்கு வராமல் போகுமா?

கொண்டுபோய் மாட்டினேன். பெரிய துரை வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற கிளார்க் தமிழில் சொன்னார், "முன்னைவிட இப்பத்தான்யா உயிரோட இருக்காம். தண்ணியில கூரை நிழல் விழுறது அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்காம்."

"ஐயா, அது கொசுத் தண்ணி. அந்த வாசல்ல நிக்கிறது என் தங்கச்சி. புள்ளத்தாச்சி. அதைச் சொல்லுங்க" என்றேன்.

"நல்லா இருக்குன்னு சொல்றாரு. வணக்கம் போட்டுட்டுப் போ லா. எனக்கும் வேலை போகணுமா?" என்றார் கிளார்க்.

வெளியே வந்து நெடுநேரம் நின்றேன். கையில் வைத்துப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மாரியாயி. தண்ணீரும் அழகாகத்தான் விழுந்திருந்தது. அழுக்கை எழுதினால்கூட அழகாக விழும்படி இந்தக் கை பழகிவிட்டது. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ இங்கே வந்துவிடு. என் அறை சின்னது, ஆனால் ஈரம் இல்லை. எனக்கு ஆ சூன் கடையிலேயே படுக்க இடம் உண்டு. பேறுகாலம் முடியும்வரை இரு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நாகையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
15 செப்டம்பர் 1935

அண்ணே, உடம்பு சுகம். கால் மட்டும் வீங்குகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடையிலேயே கிடந்து டீயைக் குடித்துக் காலம் தள்ளாதே.

நீ கூப்பிட்டதே எனக்குப் போதும். ஆனால் வரமாட்டேன். அங்கே வந்து நல்லபடியாகப் பெற்றுக்கொள்வேன். அப்புறம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கேதானே வர வேண்டும்? பள்ளம் எங்கும் போகாமல் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இராஜம்மாவுக்கும் இப்போது இரண்டு மாதம். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் ஓடிவந்தால் எனக்குத் தூக்கம் வருமா?

உன் மாப்பிள்ளையும் ராதாகிருஷ்ணனும் வேலை முடிந்து வந்து வாய்க்கால் வெட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் வடிந்தது, மழை பெய்ததும் பழையபடி வந்து நிற்கிறது. இடமே தாழ்வு, என்ன செய்ய.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், இருக்கிறது. வேலை செய்யும்போது மறந்துபோகிறேன், மழை பெய்தால் ஞாபகம் வருகிறது. ஆனால் நீ அந்த ஆபீசுக்குப் போய் என் தங்கச்சி என்று சொன்னாய் அல்லவா, அதை இராஜம்மாவை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இனிமேல் எனக்காகப் படம் எழுதாதே. முடிந்தால் ஒன்று செய். பாய் போடுகிற இடத்தில் மட்டும் கூரை ஒழுகாதபடி மேலே கட்ட ஏதாவது கெட்டித் துணி கிடைக்குமா? பாசார்க் கடைகளில் விசாரித்துப் பார்.

மாரியாயி

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
29 செப்டம்பர் 1935

தங்கைக்கு, கால் வீக்கத்துக்குச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஊற்றச் சொல்கிறார்கள், செய்து பார்.

பாசாருக்கெல்லாம் போகவில்லை. ராதாகிருஷ்ணனின் லோரியில் வருகிற நீள உருளையைப் பிரித்துப் பார். அந்தச் சீமைக் குடிசைப் படுதாதான். ஆ சூனிடம் கேட்டேன். "யாரும் நிக்கலை, யாரும் பாக்கலை, கொண்டு போ" என்றார். இப்போது எல்லாருக்கும் மோட்டார் கார் படுதாதான் வேண்டுமாம்.

கெட்டிக் கித்தான், எண்ணெய்ச் சாயம் இரண்டு மூன்று பூச்சு ஏறியிருக்கிறது. சொட்டுத் தண்ணீர் இறங்காது. சாயம் பூசிய பக்கம் கூரையைப் பார்த்து மேலே இருக்க வேண்டும், ஒரு பக்கம் சரிவாகக் கட்ட வேண்டும், தண்ணீர் சுவருக்கு வெளியே வழிந்துவிடும். மாப்பிள்ளையிடம் இதை மறக்காமல் சொல்.

வேறு எழுதத் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாகையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
24 நவம்பர் 1935

அண்ணே, நீ மாமன் ஆகிவிட்டாய் என்று ராதாகிருஷ்ணன் வாயால் கேட்டிருப்பாய். பெண். மூக்கு உன் மூக்கு, அது ஒன்றுதான் குறை. எனக்குக் காய்ச்சல் இல்லை, அவளுக்கும் இல்லை. கொசுவலை அனுப்பினாயே, அதற்குள்ளேதான் ராணி மாதிரி கிடக்கிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வந்து பிள்ளையைப் பார்.

உன் மாப்பிள்ளை படுதாவைத் தலைகீழாகக் கட்டிவிட்டார். சாயம் கீழே, துணி மேலே. சொன்னால், "படம் மேல பாத்துக்கிட்டு இருந்தா யாரு பாக்குறது, எலியா?" என்கிறார். பரவாயில்லை, ஒழுகவில்லை. கட்டாத பக்கமெல்லாம் வழக்கம்போல ஊற்றுகிறது.

போன வாரம் துரைசாணி வந்தார். பிள்ளைக்குச் சட்டை கொண்டுவந்தார். தண்ணீரைத் தாண்டப் பலகை போட்டிருக்கிறோம், அதன்மேல் நின்றுகொண்டே பிள்ளையைப் பார்த்தார். ரொம்பச் சந்தோஷம். "உன் அண்ணனைக் கூப்பிடு. நீ, பிள்ளை, இந்த வாசல். இன்னொரு படம்" என்றார். நல்ல மாதிரிதான் கேட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது.

"எழுதச் சொல்றேம்மா. ஆனா வாசல்ல நாங்க இருக்கிறதில்ல. உள்ளதான் இருக்கோம். உள்ள வந்து பாத்துட்டு எதை எழுதணும்னு சொல்லுங்க" என்றேன். இராஜம்மா என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள்.

துரைசாணி குனிந்து உள்ளே வந்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவர் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இனிப் போக முடியாது. நாலு பக்கமும் ஒழுக ஆரம்பித்தது. தட்டு, சட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். கீழே தண்ணீர் படியேறி உள்ளே வந்து அவர் செருப்பை நனைத்தது. ஒழுகாத இடம் பிள்ளை படுத்திருந்த இடம் ஒன்றுதான், அவரையும் அங்கே நகர்ந்து உட்காரச் சொன்னேன். அப்போதுதான் மேலே பார்த்தார். உன் கடையில் அதன் முன்னால் நின்று அழுதாரே, அந்த வீடு, வாத்தும் ரோஜாவுமாகத் தலைக்கு மேலே தொங்குகிறது.

பிறகு பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டே, "என் அம்மா வீடு இப்படித்தான். மழை வந்தா நாங்களும் சட்டி வைப்போம். என் தம்பி ஒருத்தன் இருந்தான்" என்றார். அந்தத் தம்பியைப் பற்றி அதற்குமேல் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "படத்துல மழை இல்லை" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது அண்ணே. அவருக்கு நான் அஞ்சலையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன், அவருக்குப் புரிந்த மாதிரி கேட்டார். மழை விடும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் படம் கேட்கவில்லை. உனக்கு வந்த வேலையை நான் கெடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மறுநாளே துரையும் துரைசாணியும் காரில் கோலாலம்பூர் போனார்களாம். அங்கே என்ன பேசினார்கள் என்று தங்கமணி அக்காவுக்கும் தெரியவில்லை.

முந்தாநாள், புது லயம் கட்டுவதாகச் சொன்ன அந்த மேட்டில் யாரோ வந்து கயிறு பிடித்து அளந்து, நாலு மூலையிலும் முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் வாயைத் திறந்து கேட்கவில்லை. உன் மாப்பிள்ளை மட்டும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார், முளையை யாரும் பிடுங்கிவிடவில்லையே என்று பார்க்க.

உன் தங்கை
மாரியாயி